ரூன் எழுத்தில் தமிழ்ப் பெயர்கள்: எந்த வரிசை, எந்தப் பலகை?

கேள்வி: லயத்து வாசகி, சுங்கை சிப்புட்

தோட்டப் பள்ளி வாசிப்பு மூலையில் வட ஐரோப்பியப் புராணங்களுக்கு ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறோம். ஓடின், தோர், லோகி கதைகளை ஒட்டியாயிற்று. அதன் கீழே ஆறு பிள்ளைகளின் பெயரை வைக்கிங் கால ரூன் எழுத்தில் பலகையில் செதுக்கித் தொங்கவிட வேண்டும். 'கோமதி' என்று மூன்று இணைய மாற்றிகளில் போட்டுப் பார்த்தால் மூன்று விதமாக வருகிறது, எழுத்தின் எண்ணிக்கை கூட ஒத்துப்போகவில்லை. எது சரி? இங்கே சுலபமாகக் கிடைக்கும் ரப்பர் பலகை போதுமா? மூலையில் அந்த எட்டுக் கை வைக்கிங் திசைகாட்டிச் சின்னத்தையும் போடலாமா?

பதில்: கல்வெட்டுக்காரன், ஈப்போ

டீச்சர், மாற்றிகளை மூடிவிடுங்கள். அவை அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒவ்வொன்றாக மாற்றுகின்றன. ரூன் எழுதியவர்களோ காதில் விழுந்த ஒலியை எழுதினார்கள். நம் பெயர்களில் 'த' வரும்போதெல்லாம் ஆங்கிலத்தில் டி, எச் என்று இரண்டு எழுத்து போடுகிறோம் அல்லவா? ஒரு மாற்றி அதை இரண்டு ரூனாக்கும், இன்னொன்று ஒரே ரூனாக்கும். உங்கள் எண்ணிக்கைக் குழப்பம் அங்கேதான்.

பழைய வரிசையில் 24 எழுத்துகள். வைக்கிங் காலம், அதாவது சுமார் 800 முதல் 1050 வரை, புழங்கியது 16 எழுத்து வரிசை: ஃபே, ஊர், துர்ஸ், ஓஸ், ரெய்த், கௌன், ஹகல், நௌத், ஈஸ், ஆர், சோல், தீர், பியார்கன், மத்ர், லோகர், ஈர். பேச்சில் உயிரொலிகள் பெருகிய காலத்தில்தான் எழுத்து குறைந்தது. வெளியாருக்கு இது புதிராக இருக்கும். தமிழ் படித்தவருக்கு இருக்காது. நாம் ஒரே 'க'வை வைத்துக்கொண்டு 'கல்' என்றும் 'தங்கம்' என்றும் ஒலி மாற்றிப் படிக்கிறோம். அவர்களுக்கும் கௌன் ஒன்றே இரண்டு ககரத்துக்கும், தீர் ஒன்றே 'ட', 'த' வகைகளுக்கும், பியார்கன் ஒன்றே இரண்டு பகரத்துக்கும்.

டென்மார்க்கின் யெல்லிங்கில் ஹரால்ட் நீலப்பல் அரசன் சுமார் 965இல் தாய் தந்தையர் நினைவாக நிறுத்திய கல்லைப் பாருங்கள். தந்தை கோர்மின் பெயர் அதில் 'குர்ம்' என்றே வெட்டப்பட்டிருக்கிறது. ஒகரத்துக்குத் தனி எழுத்து இல்லை, ஊர்தான் அதையும் சுமக்கிறது. 'அரசன்' என்ற சொல் 'கொனுங்கர்' என்று ஒலிக்கும். கல்லில் இருப்பது 'குனுக்ர்'. வல்லினத்துக்கு முன் வரும் மெல்லினத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

அப்படியானால் உங்கள் விதிகள் இவைதான். அ, ஆ இரண்டுக்கும் ஆர். இ, எ, ய எல்லாவற்றுக்கும் ஈஸ். உ, ஒ, வ மூன்றுக்கும் ஊர். ண, ந, ன வேறுபாடு கிடையாது, நௌத் போதும். ள, ழ இரண்டும் லோகர். இரட்டித்த மெய்யை ஒரே முறை எழுதுங்கள். ஈர் என்பது சொல்லின் கடைசியில் வந்த ஒரு தனி ரகரம், நம் பெயர்களுக்குத் தேவைப்படாது.

கோமதி: கௌன், ஊர், மத்ர், ஆர், துர்ஸ், ஈஸ். ஆறு எழுத்து. நடுவில் வரும் 'தி' மெலிந்து ஒலிப்பதால் துர்ஸ். முதலில் அழுத்தி வரும் 'த'வுக்குத் தீர். தேவி: தீர், ஈஸ், ஊர், ஈஸ். அம்பிகா: ஆர், பியார்கன், ஈஸ், கௌன், ஆர். மகரத்தைக் காணோமே என்று பெற்றோர் கேட்பார்கள், யெல்லிங் கல்லைக் காட்டுங்கள்.

பக்கத்தில் ஒரு குறிப்பும் ஒட்டலாம்: முதல் எழுத்து ஃபே என்றால் கால்நடை, செல்வம் என்று இரு பொருள். 'மாடல்ல மற்றை யவை' என்று குறள் படித்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பதில்: பழவரிசை

எனக்கு இதில் மாற்றுக் கருத்து. பார்க்க வருவது பிள்ளைகள். 24 எழுத்து வரிசையில் எகரம், ஒகரம், இரண்டு ககரம், இரண்டு தகரம் எல்லாம் தனித்தனியாக உண்டு. தன் பெயரைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அதுவே வசதி. 'தேவி'யில் எகரத்தையும் இகரத்தையும் ஒன்றாக்கினால் எப்படிப் பிரித்துப் படிப்பது?

பதில்: கல்வெட்டுக்காரன், ஈப்போ

படிக்க வசதி என்பது உண்மை. ஆனால் சுவரில் 'வைக்கிங் காலம்' என்று தலைப்பு இருக்கும்போது, அதற்கு முன்பே வழக்கொழிந்த வரிசையை அதன் கீழே மாட்டக்கூடாது. வேறு வழி இருக்கிறது. 1000ஆம் ஆண்டை ஒட்டி அவர்களே ரூனில் புள்ளி குத்தத் தொடங்கினார்கள். ஈஸில் புள்ளி வைத்தால் எகரம், கௌனில் வைத்தால் மெலிந்த ககரம். நமக்குப் புள்ளி மெய்யாக்கும், அவர்களுக்கு ஒலியை மாற்றும். ஓலைச்சுவடியில் புள்ளியை விட்டுவிட்டு எழுதியதையும் ஏடு படித்தவர்கள் இடம் பார்த்துப் பிரித்துப் படித்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். 16 எழுத்தைப் படித்ததும் அதே திறமையால்தான்.

நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் 1955 தீவிபத்துக்குப் பின் தோண்டியபோது சுமார் 670 ரூன் பொறிப்புகள் மரக்குச்சியிலும் எலும்பிலும் கிடைத்தன. சரக்கு மூட்டைக்குச் சொந்தக்காரர் பெயர், காதல் வரி, 'நீ வீட்டுக்கு வரணும்னு கீதா சொல்றா' என்று ஒருத்தருக்கு அனுப்பிய குச்சி. (கீதா என்பது அந்த ஊர்ப் பெண் பெயர்தான், நம் கீதா இல்லை.) இடைக்கால ஊர்மக்கள் அன்றாடம் கிறுக்கியவை அவை. பிள்ளைகளுக்குப் புள்ளி வைத்த ரூன் வேண்டுமென்றால் தலைப்பை 'இடைக்காலம்' என்று மாற்றிவிட்டுத் தாராளமாகச் செய்யுங்கள்.

பதில்: உளிக்காரர், கம்பார்

பலகை விஷயம். ஹார்ட்வேர் கடையில் விற்கும் ரப்பர் பலகை பெரும்பாலும் சிறு துண்டுகளை விரல் கோத்த மாதிரிப் பொருத்தி ஒட்டியது. ஒட்டுக்கோட்டில் கத்தி பட்டால் சில்லு பெயரும். தோட்டத்தில் வெட்டிப்போட்ட பச்சை மரம் வேண்டவே வேண்டாம், நீலப் பூஞ்சையும் துளைப் பூச்சியும் சீக்கிரம் வந்துவிடும். ஜெலுத்தோங் மரம் கேளுங்கள். மெத்தென்று, நேர் ரேகையாக இருக்கும், கத்திக்கு அடங்கும். அதன் பால் துளைகள் சிறு பிளவுகளாகத் தெரியும். அந்தப் பகுதியை ஓரத்துக்குத் தள்ளி வையுங்கள்.

அளவு 45 × 12 × 2 சென்டிமீட்டர். மரத்தின் ரேகை படுக்கை வாட்டில் ஓட வேண்டும், எழுத்தின் தண்டு, அதாவது நெட்டுக்கோடு, ரேகையைக் குறுக்கே வெட்ட வேண்டும். ரூனில் படுக்கைக் கோடே இல்லாததற்கு இதுதான் காரணம்: ரேகையோடு ஓடும் கோடு மரத்தைப் பிளக்கும், அல்லது ரேகையில் கலந்து மறையும். ஓலைக்கு நம் எழுத்து வளைந்தது என்பார்களே, மரத்துக்கு அவர்கள் எழுத்து சாய்ந்தது. நௌத்தின் குறுக்குக்கோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கோடு மாதிரியே இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. ஆர் அதற்கு நேர்மாறு. இரண்டையும் மாற்றி வெட்டினால் 'ன' இருக்க வேண்டிய இடத்தில் 'அ' வந்துவிடும்.

6 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இணைகோடு. தண்டுக்குத் தண்டு 3.5 சென்டிமீட்டர். முதலில் தண்டுகளை வெட்டுங்கள்: இரண்டு பக்கமிருந்தும் சாய்த்து, பள்ளத்தாக்கு போல 3 மில்லிமீட்டர் ஆழம். பிறகு கிளைகளைத் தண்டிலிருந்து வெளிநோக்கி இழுங்கள். வெளியிலிருந்து தண்டை நோக்கி வந்தால், ஏற்கெனவே குடைந்த பள்ளத்தின் ஓரத்துக்கு முட்டு இல்லாமல் மூலை உடைந்து விழும். துர்ஸின் முக்கோண வயிற்றில் இது அடிக்கடி நடக்கும்.

சாயம் பூசாமல் விடாதீர்கள். வைக்கிங் காலக் கற்களுக்கும் வண்ணம் இருந்தது. ஓடின் வாக்காக வரும் 'ஹாவமால்' பாட்டில் செதுக்கத் தெரியுமா, படிக்கத் தெரியுமா, வண்ணம் தீட்டத் தெரியுமா என்று மூன்றையும் சேர்த்தே கேட்கிறது. செதுக்கியபின் அரக்கு வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு. இல்லையென்றால் சிவப்புச் சாயம் ரேகை வழியே கசிந்து எழுத்து தாடி வைத்த மாதிரி ஆகும். காவிப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் கெட்டிக் குழம்பு பதத்துக்குக் குழைத்துப் பள்ளத்தில் நிரப்புங்கள். நன்றாகக் காய்ந்தபின் 240 நம்பர் உப்புத்தாளால் மேற்பரப்பைத் தேய்த்தால் வழிந்தது போய்விடும். நம் ஈரக்காற்றில் காய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கிப் பிறகு எறியுங்கள்.

பதில்: பழவரிசை

அந்தத் திசைகாட்டிச் சின்னம் 1860இல் எழுதப்பட்ட ஐஸ்லாந்துக் கையெழுத்துப் படியில் இருப்பது. வைக்கிங் கல் எதிலும் கிடையாது, விட்டுவிடுங்கள். சோல் எழுத்தை இரண்டு பக்கம் பக்கமாகவும் வைக்காதீர்கள். நாஜிப் படையின் அடையாளம் அது, பள்ளிச் சுவருக்கு ஆகாது.

செதுக்கும் முன் காகிதத்தில் எழுதி, பெயர் தெரியாத ஒருவரிடம் எழுத்து அட்டவணையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எகில் என்ற கவிஞனைப் பற்றிய பழைய ஐஸ்லாந்துக் கதையான எகில் சாகாவில் நோயாளிப் பெண்ணின் படுக்கையில் திமிங்கில எலும்பு ஒன்று கிடக்கிறது. ரூன் தெரியாத ஒருவன் அவள் மேல் வைத்த ஆசையில் தப்பாகச் செதுக்கியது, அதுதான் நோயை முற்றவைத்தது. எகில் அந்தப் பத்து எழுத்தையும் சுரண்டி எரித்துவிட்டு, புதிதாகச் செதுக்கித் தலையணைக்குக் கீழே வைக்கிறான். படிக்கத் தெரியாதவன் செதுக்கக்கூடாது என்று அவன் பாடுவதை அந்தச் சுவரிலேயே தமிழில் எழுதி ஒட்டலாம்.

லயத்து வாசகி, சுங்கை சிப்புட்

16 எழுத்துக்கே போகிறோம். அம்பிகாவின் அம்மாவுக்கு யெல்லிங் கல்லின் படம் அச்சடித்தாயிற்று. ஜெலுத்தோங் கிடைத்தால் ரேகை தெரியும்படி படம் எடுத்துப் போடுகிறேன், உளிக்காரர் அண்ணே, பார்த்துச் சொல்லுங்கள்.