விலைக் கூட்டு (கார்ட்டெல்) முடிந்தபின் வாங்கிய லாரிக்கு ஜெர்மனியில் நஷ்டஈடு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

ஜெர்மன் போட்டிச் சட்டம் படித்தவர்கள் யாராவது இருந்தால் இதைக் கொஞ்சம் பாருங்கள். என் செமினார் கட்டுரை ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறது.

கொடுத்திருக்கும் கற்பனை வழக்கு இது. ஜெர்மனியில் ஒரு சின்ன சரக்குப் போக்குவரத்து நிறுவனம், 2009இல் 18 டன் லாரி ஒன்றைப் புதிதாக வாங்குகிறது. 2011 ஜூனில் அதே மாடலில் இன்னொன்று. ஐரோப்பிய ஆணையம் 2016 ஜூலை 19 அன்று எடுத்த முடிவின்படி, லாரி உற்பத்தியாளர்களின் விலைக் கூட்டு 1997 ஜனவரி 17 முதல் 2011 ஜனவரி 18 வரை நடந்திருக்கிறது. ஆக, இரண்டாவது லாரி கூட்டு முடிந்தபிறகு வாங்கியது.

இதுவரை பார்த்தவை: ஆணையத்தின் முடிவு ஜெர்மன் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும், எனவே கூட்டு நடந்ததா என்ற வாதமே வேண்டாம். நஷ்டம் ஏற்பட்டது என்று சட்டமே அனுமானிக்கும், ஜெர்மன் போட்டிச் சட்டத்தின் 33ஏ பிரிவு, 2016 டிசம்பர் 26க்குப் பின் உருவான கோரிக்கைகளுக்கு மட்டும்தான், அது கைகொடுக்காது. அப்புறம் 2020 செப்டம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. கூட்டு நடந்தால் விலை ஏறியிருக்கும் என்ற அனுபவ அனுமானத்துக்கு அதில் நல்ல எடை கொடுத்திருக்கிறார்கள். முதல் லாரிக்கு அது பெரிய துணை.

இரண்டாவதில்தான் வினை. ஏற்றிய விலைப்பட்டியல் ஒரே நாளில் இறங்கிவிடாது என்று எழுதினேன். “சரி, ஆதாரம் எங்கே?” என்று பேராசிரியர் ஓரத்தில் கிறுக்கித் திருப்பிவிட்டார்.

கூட்டு முடிந்த சில மாதங்களில் வாங்கியதற்கும் ஜெர்மன் நீதிமன்றங்கள் அதே அனுபவ அனுமானத்தை ஏற்கின்றனவா, இல்லை பொருளாதார நிபுணரின் விலை ஒப்பீடு கட்டாயமா?