இன்டர்லாக்கிங்: தளையா, பிணையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

விழுப்புரம் சந்திப்பைப் பற்றி மாணவர்களுக்கான சிறு நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'இன்டர்லாக்கிங்' என்ற ஒரு சொல்லில் நான்கு நாளாக நிற்கிறேன்.

சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைக்கும் பாதை பிரியும் இடம் அது. சில ஆண்டுகள் ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர்கேஜ் பாதையும் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையும் அங்கே அருகருகே இருந்தன. 2010 வாக்கில் மயிலாடுதுறை, காட்பாடிப் பாதைகளும் அகலமாகிவிட்டன. இதையெல்லாம் எழுதச் சொல் கிடைத்தது. ஆனால் பாதை பிரியும் இடத்தில் வண்டியைத் திருப்பிவிடும் பாயின்ட் சரியான பக்கம் திரும்பிப் பூட்டிக்கொண்டால் ஒழியக் கைகாட்டி (சிக்னல்) வழிவிடாது, கைகாட்டி வழிவிட்ட பின் பாயின்ட் அசையாது என்ற ஏற்பாட்டுக்குச் சொல் இல்லை. 'இடைப்பூட்டு' என்று போட்டுப் பார்த்தேன். நடுவில் தொங்கும் ஏதோ ஒரு பூட்டு என்றே படுகிறது. உதவுங்கள்.

* * *

ஐயா, புதிதாக ஆக்கவே வேண்டாம். தொல்காப்பியர் காலந்தொட்டு நம்மிடம் இருக்கும் சொல் 'தளை'. செய்யுளில் ஒரு சீரை அடுத்த சீரோடு கட்டுவது அது. வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர்: நின்ற சீர் எதுவோ, அதுவே வரும் சீர் எப்படித் தொடங்க வேண்டும் என்பதைக் கட்டுகிறது. நீங்கள் சொன்ன ஏற்பாடும் இதுதானே? பாயின்ட் நின்ற சீர், கைகாட்டி வரும் சீர்.

தளை என்றால் விலங்கு என்று மட்டும் நினைப்பவர்கள் பனையேறியின் தளைநாரை நினைத்துப் பார்க்கட்டும். காலைக் கட்டுவதுதான் அதன் வேலை. அந்தக் கட்டு அவரை விழாமல் காக்கிறது. மொட்டு விரிவதைச் சங்கப் பாட்டு 'தளையவிழ்தல்' என்கிறது. வண்டி கடந்ததும் பூட்டு விடுபடுவதைத் 'தளையவிழ்ப்பு' எனலாம். எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் 'மின்னணுத் தளை' ஆகும். இவ்வளவு கிளைக்கும் வேர் வேறு எந்தச் சொல்லுக்கு இருக்கிறது?

பாயின்ட்டையும் விட்டுவிடாதீர்கள். 'கவர்' என்று எழுதுங்கள். மதுரைக்குப் போகும் வழி சிவன் கைச் சூலம்போல மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை 'கவர்க்கும்' என்றே சொல்கிறது. 'கவலை' என்பதற்கும் பிரியும் வழி என்பதே பழம்பொருள்.

* * *

தளை சொன்ன ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பிரியும் வழியைக் கவலை என்று இன்று எழுதினால் படிக்கிற பிள்ளை வருத்தம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். கவர் என்றால் கடித உறை. பாயின்ட்டைப் பாயின்ட் என்றே விடுங்கள். அதை மாற்றுகிறவரை ஊரே பாயின்ட்ஸ்மேன் என்றுதான் அழைத்தது.

நான் பாயின்ட்டையும் கைகாட்டியையும் இயக்கும் நெம்புகோல் கேபினில் வேலை பார்த்தவன். தளை பொருந்தாது என்பதற்குக் காரணம் சொல்கிறேன். வெண்பாவில் முன் சீர் பின் சீரைக் கட்டும். பின் சீர் திரும்பி முன் சீரைக் கட்டுவதில்லை. கேபினில் அப்படி இல்லை. இரண்டாம் நெம்புகோலை இழுத்தால் ஐந்தாவது நகராது என்று அமைத்திருந்தால், ஐந்தாவதை இழுத்த பிறகு இரண்டாவதும் நகராது. ஒன்றை ஒன்று பிடிக்கும். அந்தப் பரஸ்பரம்தான் இதன் உயிர்.

இன்னொன்று. யார்டை மாற்றியமைக்கும்போது இன்டர்லாக்கிங்கைச் சில நாள் கழற்றி வைப்பார்கள். அப்போது பாயின்ட்டைக் கிடுக்கியால் இறுக்கிக் கையால் பூட்டுப் போட்டு, வண்டியை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்த்துவோம். அகலப்பாதைப் பணியில் எல்லோரும் மிகவும் பயந்த நாள்கள் அவை. ஐயா சொல்லும் சொல்லில் அவற்றைத் 'தளையற்ற நாள்கள்' என்றுதானே எழுத வேண்டும்? விடுதலை கிடைத்ததுபோல் இருக்கிறது. ஒரு சொல் ஆபத்தை மறைக்கக் கூடாது.

இன்டர்லாக்கிங் என்றே எழுதினால் என்ன? பணி காரணமாக ரயில் ரத்து என்று பத்திரிகை போடும்போது இந்தச் சொல்தான் வருகிறது. மக்களுக்குப் பழகிவிட்டது.

* * *

பழகிவிட்டது, புரிந்ததா? 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே நடந்த விபத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்பாதைப் பச்சை கிடைத்தது. பாயின்ட்டோ பக்கத்தில் பிரியும் லூப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அந்த வாரம் முழுவதும் இன்டர்லாக்கிங் என்று படித்தோம். என் வீட்டில் ஒருவருக்கும் என்ன நடந்தது என்று விளங்கவில்லை. விளங்கவைக்கத்தான் தமிழ்ச் சொல் கேட்கிறோம்.

'பிணைப்பூட்டு' எப்படி? பிணை என்றால் கட்டு, ஜாமீனும்தான். கைகாட்டி காட்டும் பச்சைக்குப் பாயின்ட் பிணை நிற்கிறது. கழற்றி வைத்த நாள்களைப் 'பிணைப்பூட்டு இல்லாத நாள்கள்' என்றால் யாருக்கும் நிம்மதி தோன்றாது.

வண்ணவிளக்குக் கம்பத்தில் கை ஏது, அதைக் கைகாட்டி என்பது தகுமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். எள்ளின் நெய்தான் எண்ணெய்; நாம் தேங்காய் எண்ணெய் என்று சொல்லவில்லையா? சொல் தன் கையை இழந்தும் வாழும்.

* * *

ஜாமீன் என்று சொன்னீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. பச்சை என்பது டிரைவருக்குக் கொடுக்கும் வாக்கு; அதற்கு ஆள் பிணை வேண்டும். கேபின்காரன் என்ற முறையில் சம்மதம். அடைப்புக்குறிக்குள் இன்டர்லாக்கிங் என்றும் ஒருமுறை போட்டுவிடுங்கள்.

* * *

எல்லோருக்கும் நன்றி. ஆறு பேர் பிணைப்பூட்டு, ஒருவர் தளை, இருவர் ஆங்கிலச் சொல்லே போதும் என்கிறார்கள். பிணைப்பூட்டு என்று அச்சுக்கு அனுப்புகிறேன். தளை உவமையை முதல் இயலில் ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன். வெண்பா படித்த பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடும்.

* * *

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், தளைதான் சரி என்ற கருத்தை விடாமலே. ஆனால் அந்த 'ப்' எங்கிருந்து வந்தது? ஒன்றை ஒன்று பிணைக்கிற பூட்டு என்பது உங்கள் கருத்தானால் அது வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு போலப் 'பிணைபூட்டு' என்றுதான் வர வேண்டும். பிணையாகிய பூட்டு என்றால் மட்டுமே ஒற்று மிகும். எந்தப் பொருளில் ஆக்கினீர்கள் என்று முதலில் தெளிவுபடுத்துங்கள். அச்சகத்துக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது அல்லவா?