கோச்சி (ரயில்) அழகு, கதை எங்கே? 'கபனேரி' பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஆரையம்பதி_எடிட்டர்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு கலியாண ஸ்டூடியோவில் வீடியோ எடிட் செய்கிறவன். போன கிழமை ஒரு மெஷினில் ஹைலைட் ரெண்டர் ஆகிக்கொண்டிருக்க, மற்ற மெஷினில் 'கபனேரி ஆஃப் தி அயன் ஃபோர்ட்ரெஸ்' என்ற ஜப்பான் அனிமே தொடரைப் போட்டேன். 12 எபிசோட்தான், இரண்டு இரவில் முடிந்தது. அந்தக் கலியாண வீட்டாருக்கு வீடியோ இன்னும் போகவில்லை, அது வேறு கதை.

(பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே எல்லாம் உடைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.)

முதல் எபிசோடிலேயே ஒரு கவசக் கோச்சி நிற்காமல் வந்து ஸ்டேசனில் மோதும். நீராவி, தீப்பொறி, இரும்புத் தகடு கழன்று பறப்பது என்று எல்லாம் ஒரே நேரத்தில். அந்த இடத்தை நான் ஐந்து தரம் பார்த்தேன். எங்கள் மட்டக்களப்புக் கோச்சி புணானைப் பக்கம் யானைக்கு நின்று நின்று வருவது. அதில் போய்ப் பழகினவனுக்கு இது வேறு உலகம். பிறகு முமே என்ற பிள்ளையின் முகம். குளோசப்பில் நிறுத்திப் பாருங்கள். இமைக்குக் கீழே இரண்டு நிறம், கன்னத்தில் தேய்த்துவிட்ட சிவப்பு, முடியில் வெளிச்சம் விழுகிற இடத்தில் தூரிகை இழுத்த தடம். அவள் தூரத்தில் நிற்கிற ஷொட்டில் இது ஒன்றும் இராது, சாதாரணக் கோடுதான். மணப்பெண்ணின் முகத்துக்கு நான் அரை நாள் கலர் பார்க்கிறவன், அதனால் சொல்கிறேன்: யாரோ இருந்து ஒவ்வொன்றாகச் செய்த வேலை அது.

ஆறாவது வரைக்கும் கதையும் சரியாகத்தான் போகிறது. இதயத்தை இரும்பு மூடிய, நடமாடுகிற பிணங்கள், கோட்டை மாதிரி ஸ்டேசன்கள், நடுவில் ஒரு கோச்சி நிறையச் சனம். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஏழாவது வந்ததும் பிபா என்று ஒருவன் இறங்குகிறான். நாட்டை ஆளுகிற ஷோகனின் மகன், தகப்பன் மேல் கோபம். அவ்வளவுதான், பிணங்கள் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. கதாநாயகன் இக்கோமா முதல் நாளில் இருந்து கடைசி நாள் வரைக்கும் கத்திக்கொண்டே இருக்கிறான். கோச்சிச் சனத்துக்குத் தலைவியான அயாமே முதலில் எப்படி நல்லவளோ கடைசியிலும் அப்படியே நல்லவள். இக்கோமாவின் கூட்டாளி டக்குமி சாகிற இடத்தில் மியூசிக் அழச் சொல்கிறது, எனக்கு வரவில்லை. ஏ.எல். படிக்கிற தங்கச்சி எட்டாவதிலேயே எழும்பிப் போய், "அண்ணா, பாட்டு வரும்போது கூப்பிடு" என்றாள்.

இவ்வளவு கைவேலை தெரிந்த ஆட்கள் கதையை மட்டும் ஏன் இப்படிக் கைவிட்டார்கள்? எனக்கு மட்டும்தான் இப்படித் தெரிகிறதா?

வாழைச்சேனைப்_பொடியன்

உங்களுக்கு மட்டும் இல்லை அண்ணன். 2016இல் வந்த நேரமே பல பேர் இதைத்தான் சொன்னார்கள்.

டைரக்டர் டெட்சுரோ அராக்கியின் பழைய வேலைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2006இல் டெத் நோட், 2013இல் அட்டாக் ஆன் டைட்டன் முதல் சீசன். இரண்டுக்கும் கீழே மங்கா, அதாவது ஜப்பான் சித்திரக்கதை, இருந்தது. இடையில் 2011இல் கில்டி கிரௌன், 22 எபிசோட், மங்கா இல்லாத சொந்தக் கதை. அதைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கேயும் இதே முறைப்பாடுதான்: நிறம் அள்ளும், பாட்டு அள்ளும், ஆட்கள் ஏன் அப்படி நடக்கிறார்கள் என்று மட்டும் விளங்காது. கபனேரியும் சொந்தக் கதை. அட்டாக் ஆன் டைட்டன் செய்த அதே விட் ஸ்டூடியோ, அதே ஹிரோயுக்கி சவானோ மியூசிக். தொடக்கப் பாட்டுப் பாடுகிற ஈகோயிஸ்ட் என்ற குழுவே கில்டி கிரௌன் கதைக்காக உருவாக்கினது.

நான் நினைக்கிறது, அராக்கிக்குத் தண்டவாளம் போட்டுக் கொடுத்தால் கோச்சியை அப்படி ஓட்டுவார். தண்டவாளத்தையும் அவரே போடச் சொன்னால்தான் பிரச்சினை.

இன்னொன்றும் இருக்கிறது. டிவிக்கு வருமுன் முதல் மூன்று எபிசோடையும் ஜப்பானில் தியேட்டரில் ஓட்டினார்கள். அந்த மூன்றும் ஏன் அவ்வளவு பிரமாதம் என்று இப்போது விளங்குகிறதா?

சித்திர_டீச்சர்_கல்முனை

தம்பிமார் இரண்டு பேருக்கும். பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன், என் மகன் போட்டுக் காட்டி இதைப் பார்த்தேன்.

முதலில் அந்த முகத்தைப் பற்றி. எடிட்டர் தம்பியின் கண் சரியான கண். அந்தக் குளோசப்புகளுக்கு என்றே 'மேக்கப் அனிமேட்டர்' என்று தனி ஆட்களை வைத்தார்கள். கோடு போட்டு நிறம் நிரப்பின பிறகு, முக்கியமான பிரேம்களில் அவர்கள் மேலே தீட்டுவார்கள். காரணம், ஆட்களின் உருவத்தை வரைந்தவர் ஹருஹிக்கோ மிக்கிமோட்டோ. 1982இல் மாக்ரோஸ் என்ற அனிமேயின் பாத்திரங்களை வரைந்தவர். அந்தக் காலத்துப் போஸ்டரில் இருக்கிற வண்ணப்பூச்சு அசைகிற படத்திலும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்கள். அதனால்தான் 2016ஆம் ஆண்டுப் படத்துக்குள் முமேயின் முகம் மட்டும் எண்பதுகளில் இருந்து வந்தது போல இருக்கிறது. வகுப்பில் நான் நீர்வர்ணம் காய முதல் கை வைக்காதே என்று பிள்ளைகளுக்குக் கத்துவது. இவர்கள் காய்ந்த பிறகும் கை வைத்து அழகாக்கியிருக்கிறார்கள்.

வாழைச்சேனைத் தம்பி சொன்ன காரணத்தை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். சொந்தக் கதை என்றால் விழுந்துவிடும் என்று யார் சொன்னது? மடோகா மஜிகா 2011, அதுவும் 12 எபிசோட், அதுவும் சொந்தக் கதை. ஒரு பிள்ளைகூட வீணாக வந்து போகவில்லை. இதே கபனேரிக்குக் கதை அமைத்த இச்சிரோ ஒக்கோச்சி 2006இல் கோட் கியாஸ் எழுதினவர். அதுவும் சொந்தக் கதைதான், அதைப் பாதியில் விட்டு எழும்ப முடியுமா? எழுதத் தெரியாத ஆள் இல்லை அவர்.

என் கணக்கில் பிழை பிபாதான். வில்லன் இருக்கலாம். ஆனால் அவனுடைய தகப்பன் அவனுக்குச் செய்ததை நாங்கள் கேள்விப்படுகிறோமே தவிர, கூடவே இருந்து படவில்லை. கேள்விப்பட்ட கோபத்துக்கு எத்தனை ஸ்டேசனை எரிப்பது?

சும்மா_பார்த்தன்

நான் சவுண்டைக் கூட்டி, சப்டைட்டிலை ஓஃப் பண்ணிப் பார்த்தேன். பத்துக்குப் பத்து.

வாழைச்சேனைப்_பொடியன்

டீச்சர், மடோகாவை மறந்துவிட்டேன், சரி. தண்டவாளக் கதையைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். கில்டி கிரௌன் மட்டும் இருக்கட்டும்.

ஆரையம்பதி_எடிட்டர்

இரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இடையில் ஒன்று நடந்தது, சொல்லியே ஆக வேண்டும்.

அப்பா ஒரு காலத்தில் வடமோடிக் கூத்தில் அருச்சுனன் ஆடினவர். இப்போது முழங்கால் விடாது. டீச்சர் எழுதினதை வாசித்துவிட்டு ஏழாவதைத் திரும்பப் பார்ப்போம் என்று வீட்டில் லேப்டாப்பில் போட்டேன். அப்பா சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். என்ன இது என்றார். சரி என்று முதல் எபிசோடில் இருந்தே போட்டு, ஓட ஓடத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கோச்சி மோதுகிற இடத்தில், "பிறேக் இல்லையாடா?" என்று கதிரையில் நிமிர்ந்துவிட்டார். ஆறு வரைக்கும் ஒரு குறையும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிப் போனது.

பிபா வந்தான். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவன் ஆரு?"

"ராசாவுடைய மகன் அப்பா."

"இவனுக்கு வரவு எங்க?"

கூத்துப் பார்த்தவர்களுக்கு விளங்கும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். களரிக்குள், அதாவது கூத்து ஆடுகிற வட்டத்துக்குள், ராசா சும்மா வந்து நிற்க மாட்டார். முதலில் கட்டியகாரன் வந்து ராசா வருகிறார் என்று சொல்வான். பிறகு ராசாவுக்கு என்று ஒரு வரவுப் பாட்டு, ஒரு தாளம், ஓர் ஆட்டம். களரியைச் சுற்றி அவர் ஆடி முடிக்கிற நேரத்துக்குள், இவர் எப்படிப்பட்ட ஆள், கோபக்காரரா, கர்வக்காரரா என்று சனத்துக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் கதையில் கை வைப்பார். அப்பா சொன்னது, இவன் பாதி ராத்திரியில் வரவு ஆடாமல் நேரே சண்டைக்கு வந்துவிட்டான் என்று. கோச்சியில் இருந்த சனத்துக்குக்கூட வரவு இருந்ததாம். பிணம் கடித்ததும் இக்கோமா கழுத்தை இறுக்கி விஷம் தலைக்கு ஏறாமல் தடுத்தானே, அது அவனுடைய வரவாம்.

டீச்சர், நீங்கள் "கேள்விப்பட்ட கோபம்" என்று எழுதியதும் அப்பா சொன்னதும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் மனிதர் எழும்பிப் போகவில்லை! பன்னிரண்டும் பார்த்து முடித்தார். பிடிக்காவிட்டால் ஏன் இருந்தீர்கள் என்று கேட்டேன். "உடுப்புப் பாக்கிறதுக்கெண்டே விடிய விடிய இருந்த ஆக்கள் இருக்காங்க மனே. கிரீடம் மினுங்கினாக் காணும். ஆனா அடுத்த நாள் அந்தக் கூத்தப் பத்தி ஒருத்தரும் கதைக்கமாட்டாங்க" என்றார்.

சம்மாந்துறை_வட்டை

தம்பி, எங்கள் பக்கம் கோச்சியே வராது, ஆனாலும் நான் பார்த்தேன். வாப்பாவோடு வயல் செய்கிறேன், அதனால் எனக்குப் பிடித்தது வேறு இடம்.

முமேயின் பழைய பெயர் ஹோசுமி. அதில் வருகிற 'ஹோ' என்றால் நெற்கதிர். பிணங்கள் நாட்டை மூடி, வயலுக்குப் போக முடியாமல் மதிலுக்குள் சனம் அடைந்து கிடக்கிற கதையில் ஒரு பிள்ளைக்குக் கதிர் என்று பெயர். 12 வயதுப் பிள்ளை. பிபா அதைக் களைந்துவிட்டு முமே, பெயர் இல்லாதவள், என்று வைத்தான். முழுக் கதைக்கும் இது ஒன்று காணும். இதைச் சுற்றிக் கட்டாமல் ஷோகன், கோட்டை, துரோகம் என்று போய்விட்டார்களே என்றுதான் எனக்குக் கவலை. கதிர் வந்த பிறகு தண்ணி மறித்த மாதிரி ஆகிவிட்டது.

2019இல் வந்த 'பேட்டில் ஆஃப் உனாட்டோ' படத்தைப் பாருங்கள். பிபா கதை முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு நடக்கிறது. அந்தச் சனமும் அந்தக் கோச்சியும்தான். சீரியலில் விட்டதை எல்லாம் அது திருத்தவில்லை, ஆனால் முமேயும் இக்கோமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கதைக்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு உங்கள் அப்பா என்ன சொல்கிறார் என்று இங்கே எழுதுங்கள். காக்கா (அண்ணன்) ஒருவன் காத்திருக்கிறேன்.

சித்திர_டீச்சர்_கல்முனை

அதோடு முஷிஷியும் போட்டுக் காட்டுங்கள் தம்பி. 2005இல் வந்தது, 26 எபிசோட், ஒவ்வொன்றும் தனிக்கதை. படமும் அழகு, வருகிற ஒவ்வொருவருக்கும் வரவும் உண்டு. சத்தம்தான் இராது.

ஆரையம்பதி_எடிட்டர்

நன்றி காக்கா, நன்றி டீச்சர். கதிர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. தங்கச்சிக்குச் சொன்னேன், விட்ட இடத்தில் இருந்து பார்க்கப் போகிறாளாம்.

சனிக்கிழமை எனக்குக் கலியாணம் ஒன்று, எடுக்கத்தான். ஞாயிறு படத்தைப் பார்க்கிறோம். அதிலும் கோச்சி மோதுமா என்று அப்பா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.