ஆழ்கடலில் மின்சாரம் நின்றுவிட்டால் கலம் எப்படி மேலே வரும்?

அட்டன் விஞ்ஞான ஆசிரியை:
வணக்கம். அமுக்கம் பற்றிய பாடத்தில், மனிதர்களை ஏற்றிச் செல்லும் ஆழ்கடல் கலங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மரம் முறிந்து கம்பியில் விழுந்ததால் இரண்டு நாட்களாக லயத்தில் விளக்கெரியாத ஒரு மாணவி, “கடலுக்கு அடியில் கரண்ட் நின்றால் எப்படி மேலே வருவார்கள், டீச்சர்?” என்று கேட்டாள். அவளுக்குச் சரியான விளக்கம் கொடுக்க விரும்புகிறேன்.

தலவாக்கலை, ஓய்வுபெற்ற கப்பல் பொறியியலாளர்:
டீச்சர், மேலே வருவதற்கு மோட்டாரே தேவையில்லை. கலம் இயல்பில் மிதக்கக்கூடியது. அதைக் கீழே கொண்டுசெல்வது ஏற்றப்பட்ட பாரம்தான். 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டொன் வோல்ஷும் பசிபிக் கடலிலுள்ள மிக ஆழமான மரியானா அகழியின் அடிக்குச் சென்ற ‘திரியெஸ்தே’ கலத்தில், நீரிலும் இலேசான பெற்றோல் நிரப்பிய பெரிய மிதவையும், அதை அமிழ்த்துவதற்கு ஏறத்தாழ 9 தொன் இரும்புக் குண்டுகளும் இருந்தன. அக்குண்டுகள் கொட்டிவிடாமல் பிடித்துவைத்தவை மின்காந்தங்கள். மின்சாரம் நின்றால் காந்தம் பிடியை விடும், குண்டுகள் கொட்டும், கலம் எழும். பழுதே மீட்பாக மாறும் இந்த ஏற்பாட்டை நான் இன்றும் வியக்கிறேன். கடற்படை நீர்மூழ்கியைப் போல் அழுத்திய காற்றால் தொட்டியிலுள்ள நீரை வெளியேற்றலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். 6,000 மீற்றரில் ஏறத்தாழ 600 வளிமண்டல அமுக்கம் எதிர்த்து நிற்பதால் அது நடைமுறைக்கு ஒவ்வாது.

பண்டாரவளை வாசகர்:
இன்றைய கலங்களில் பெற்றோலுக்குப் பதிலாக, நுண்ணிய கண்ணாடிக் கோளங்களைப் பிசினில் பதித்த திண்ம மிதவைப் பொருள் பயன்படுகிறது. 1964 முதல் இயங்கும் அமெரிக்க ஆய்வுக் கலமான ‘அல்வின்’ உருக்குப் பாரங்களைக் கைவிட்டு எழும். அதன் இயந்திரக் கை எங்காவது சிக்கினால் அந்தக் கையையே கழற்றிவிட்டு வரலாம்.

பதுளை, ஆய்வுகூட உதவியாளர்:
மூச்சையும் மறக்க வேண்டாம். சென்னையில் உருவாகிவரும் ‘மத்ஸ்யா 6000’ கலத்தின் டைட்டேனியக் கோளம் 2.1 மீற்றர் விட்டமுடையது; அதில் மூவர் அமர்வர். ஒருவர் மணிக்குச் சுமார் 20 லீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுவதாகவும், உள்ளே 4,000 லீற்றர் வளி இருப்பதாகவும் கொண்டால், மூவரால் அதன் அளவு மணிக்கு 1.5 சதவீதம் கூடும். ஒட்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறையுமுன் இந்த வாயு தலைவலியையும் மயக்கத்தையும் கொண்டுவரும் என்பதால், ஒட்சிசன் சிலிண்டருக்கு நிகராக, அதை உறிஞ்சும் இரசாயனப் பெட்டியும் முக்கியமானது.

அட்டன் விஞ்ஞான ஆசிரியை:
மிக்க நன்றி, ஐயா. மற்ற இருவருக்கும் நன்றி. நாளை ஓர் இரும்பாணியில் செப்புக் கம்பியைச் சுற்றி, பற்றரியோடு இணைத்து, நுனியில் குண்டூசிகளைத் தொங்கவிடுவேன். கம்பியைக் கழற்றுவதை அந்த மாணவியிடமே விடுவேன்.