தாத்தாவின் டிராக்டர் டிரெய்லர்: ஓட்டத்துக்குக் கொண்டுவரணும், பின் டோரில் உள்ள பழைய எழுத்தும் போகக் கூடாது. வழி சொல்லுங்கள்

கெடிலக்கரை

வணக்கம். நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்துக் கிராமம். தாத்தா வாங்கிய ரெண்டு சக்கர டிராக்டர் டிரெய்லர் ஒன்று மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பல வருஷமாக நிற்கிறது. பருவத்தில் ஆலைக்குக் கரும்பு, மற்ற நாளில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை, எரு, பொட்டாஷ் எல்லாம் ஏற்றிய வண்டி. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் இருந்த எங்கள் தோப்பில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அந்த மரங்களை இழுத்து வந்ததுதான் அது செய்த கடைசிப் பெரிய வேலை.

எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அப்பா. பெரிய அத்தைக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. எனக்கு அதைத் திரும்ப வயலுக்கு ஓட்டணும், அதோடு எங்கள் குடும்பக் கதை எதுவும் அதிலிருந்து அழியாமல் இருக்கணும்.

வலது சக்கரம் அசையவே இல்லை, நட்டுகளும் இறுகிப்போயிருக்கின்றன. ரிம் பழைய லாரி மாதிரி, தனி ரிங் போட்டது. சேஸிஸ் சேனலில் துரு செதில் செதிலாக உதிர்கிறது. பின் டோரில் நீல எனாமல் அடித்திருக்கிறார்கள். அது உரிந்த இடத்தில் அடியிலிருந்து மஞ்சள் எழுத்து எட்டிப் பார்க்கிறது: "…கன் துணை", அதற்குக் கீழே "தென்னாற்காடு". ணை பழைய கொம்பு வடிவத்தில் இருக்கிறது. பின்கோடு இல்லை. எந்த வருஷத்து வண்டி என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? பேப்பர் எதுவும் கையில் இல்லை.

பட்டறை, பண்ருட்டி

தம்பி, ஸ்பானரை எடுக்கும் முன்னால் இதைப் படியுங்கள். ரிங் போட்ட ரிம் என்றால் முதலில் வால்வு ஊசியைக் கழற்றி டயரில் உள்ள காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். துருப் பிடித்த ரிங் காற்றழுத்தத்தோடு தெறித்தால் ஆளை அடித்துப் போட்டுவிடும். டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மிலோ நட்டிலோ கேஸ் வைத்துச் சூடாக்கவே கூடாது, காற்று இறக்கியிருந்தாலும் சரி. உள்ளே ரப்பர் சூடாகி டயர் வெடித்த சம்பவங்கள் உண்டு.

நட்டுக்கு டீசல் ஊற்றி ஊறவிடுங்கள். நடுவே சுத்தியலால் மெதுவாகத் தட்டிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். அவசரப்பட்டுக் குழாய் மாட்டி மிதித்தால் ஸ்டட் முறியும். சேஸிஸுக்கு அடியில் கட்டை அடுக்கி நிறுத்தின பிறகுதான் சக்கரத்தில் கை வைக்கணும், ஜாக்கி மட்டும் போதாது.

சக்கரம் சுற்றாததற்குக் காரணம் அநேகமாக ஹப் பேரிங்தான். பழைய கிரீஸ் காய்ந்து தண்ணீர் இறங்கியிருக்கும். கழற்றியதும் ரோலரையும் உள்வட்டத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தாலோ குழி விழுந்திருந்தாலோ புதுசுதான் போடணும். பேரிங் விளிம்பில் நம்பர் குத்தியிருக்கும், அதை எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் போதும். மாட்டும்போது சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுற்றுவது கனத்ததும் கொஞ்சம் தளர்த்தி, ஓட்டை நேருக்கு வந்ததும் புதுக் காட்டர் பின் போடுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது.

சேனலைச் செதில் நீக்கிச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள், உள்ளே போனால் வெட்டிப் புதுச் சேனல் வைத்துத்தான் ஆகணும். ஸ்பிரிங் தாங்கியைச் சுற்றியும் தரைத் தகட்டுக்கு அடியிலும் நன்றாகத் தேடுங்கள், தண்ணீர் தங்குவது அங்கேதான். முன்னால் டிராக்டரில் மாட்டும் வளையம் ஒரு பக்கமாகத் தேய்ந்து மெலிந்திருந்தால் அதில் பாசம் பார்க்காதீர்கள். மாற்றிவிட்டுப் பழையதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

பொட்டாஷ் ஏற்றினோம் என்றீர்களே, அது முக்கியம். அது பொட்டாசியம் குளோரைடு, உப்பு மாதிரிதான் இரும்பை அரிக்கும். கம்பி பிரஷ் போட்டதோடு பிரைமர் அடித்தால் குழிக்குள் தங்கிய உப்பு அடுத்த மழைக்கே பெயின்டைக் கொப்பளமாகத் தூக்கிவிடும். தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, திரும்பத் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடித்துவிடணும். நம் பக்கத்துக் கடல் காற்றில் மறுநாள் வரைக்கும் விட்டால் துரு மறுபடி பூத்துவிடும்.

கொண்டி, கீல், சங்கிலி போன்ற சின்னச் சாமான்களை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த தண்ணீரில் ஊறப்போடலாம், லிட்டருக்கு 50 கிராம். எடுத்ததும் சமையல் சோடாத் தண்ணீரில் அலசுங்கள். பேரிங்கை அதில் போட வேண்டாம்.

தூரிகை, முத்தியால்பேட்டை

போர்டு எழுதுவது என் தொழில், அதனால் பின் டோரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து அதில் கிரைண்டர் வைக்காதீர்கள்.

முதலில் படம் எடுங்கள். இருட்டியதும் டார்ச்சை டோரின் ஓரத்தில் படுக்க வைத்து அடித்தால் நீலத்துக்கு அடியில் இருக்கும் பிரஷ் மேடு தெரியும், பாதி எழுத்தை அதிலேயே படித்துவிடலாம். அப்புறம் டிரேசிங் பேப்பர் ஒட்டி, பென்சிலால் அதே அளவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எழுத்து இல்லாத மூலையில் பஞ்சில் தின்னர் தொட்டு ஒரு காசு அகலத்துக்குத் துடைத்துப் பாருங்கள். நீலம் மட்டும் இளகினால் அதிர்ஷ்டம். மஞ்சளும் சேர்ந்து வந்தால் தின்னரை ஓரம்கட்டிவிட்டு, பிளேடைப் படுக்க வைத்து, ஏற்கெனவே உரிந்த விளிம்பிலிருந்து நீலத்தைச் செதில் செதிலாகத் தூக்கணும். பொறுமையான வேலை, ஆனால் எழுத்து நிற்கும்.

பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உலர்ந்த உப்புத்தாள் வேண்டாம், நனைத்துத் தேய்க்கலாம். முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது.

வருஷம் பற்றி: தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்து கடலூர், விழுப்புரம் ஆனது 1993 செப்டம்பர் 30. எழுத்து அநேகமாக அதற்கு முந்தியதாக இருக்கும். ணை, லை, னை மாறிய எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978 அக்டோபரில் வந்தது. ஆனால் கொம்பு வைத்த ணையைப் பார்த்ததும் 1978க்கு முன் என்று முடிவு கட்டாதீர்கள். கைப்பழக்கத்தில் அதற்குப் பிறகும் வெகுகாலம் அப்படியே எழுதியவர்கள் உண்டு, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான். பின்கோடு 1972 ஆகஸ்டில் வந்தது, அது இல்லாதது ஒரு சின்னத் தடயம், அவ்வளவே.

பாகூர்

பெரிய அத்தையைக் கூட்டிப்போய் வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், தம்பி. போனில் பதிவு போட்டுவிட்டு, "எந்த வருஷம்" என்று கேட்காமல், "இந்தக் கொண்டியை யார் மாட்டுவாங்க, இதில் ஏறி எங்கே போனீங்க" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள். வருஷம் தானாக வரும், யார் கல்யாணத்துக்கு முந்தி, எந்த வெள்ளத்துக்குப் பிந்தி என்று. பழைய கல்யாண ஆல்பங்களில் ஆட்களுக்குப் பின்னால் டிரெய்லர் நிற்கிறதா என்றும் பாருங்கள். பரணில் ஆலை எடைச்சீட்டு இருந்தால் அதில் தேதி இருக்கும். வேலை ஆரம்பிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

கெடிலக்கரை

எல்லாருக்கும் நன்றி. சக்கரம் கழன்றது, வெளிப் பேரிங் நீலம் பாய்ந்திருந்தது, ரெண்டையும் மாற்றியாச்சு. சேனலில் வலது ஸ்பிரிங் தாங்கிக்கு மேல் ஸ்க்ரூடிரைவர் அப்படியே உள்ளே போனது, அந்தத் துண்டை வெட்டிப் புதுசு வைத்தோம். வளையமும் புதுசு. எழுத்து முழுசாக வந்தது: "முருகன் துணை", தாத்தா பெயர், ஊர்.

பாகூர் அக்கா, நீங்கள் சொன்னபடி அத்தையை உட்கார வைத்தேன். இடது பக்கப் பலகையின் உள்புறத்தில் கத்தியால் போட்ட கீறல்கள் இருக்கின்றன, ஐந்தைந்தாக, குறுக்கே ஒரு கோடு. கயிறு உராய்ந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆலைக்குப் போன ஒவ்வொரு நடைக்கும் தாத்தா ஒன்று கீறுவாராம். ராத்திரி அதைப் பார்த்துக் கணக்குச் சொல்லச் சொல்வாராம் அத்தையிடம். எழுத்துக்கு முன்னால் தனக்கு எண்கள் வந்தது அப்படித்தான் என்கிறார். இதைக் கேட்டதிலிருந்து அப்பாவும் எடைக்குப் போடுவதைப் பற்றிப் பேசுவதில்லை.

சிக்கல் என்னவென்றால், அதே பலகையின் அடிப்பக்கம் உளுத்து, கரையான் அரித்திருக்கிறது. கீறல்கள் மேல் பாதியில். வண்டியில் இருக்கணும் என்று அத்தைக்கு ஆசை. என்ன செய்ய?

பட்டறை, பண்ருட்டி

உளுத்த அடியை நேர்கோட்டில் அறுத்துவிட்டு, அதே கனத்தில் காய்ந்த வேப்பம்பலகை வைத்து, பின்னால் ரெண்டு இரும்புப் பட்டை கொடுத்துப் போல்ட் போடுங்கள். பாரம் பட்டையில் நிற்கும், பழைய பலகைக்கு வேலையே இருக்காது. கீறல் உள்ள இடத்தில் போல்ட் ஓட்டை விழாமல் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். கீறல்மேல் பெயின்ட் வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் மட்டும் தடவுங்கள். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள், குவிந்து கிடந்தால் தானாகத் தீப்பிடிக்கும். கரும்பு ஏற்றும்போது அந்தப் பக்கம் ஒரு சாக்கு தொங்கவிடுங்கள். ரோட்டில் எடுப்பதற்கு முன்னால் பின் விளக்கு, சிவப்பு ரிஃப்ளெக்டர் மாட்டி, பதிவு விஷயத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரில் கேட்டுவிடுங்கள்.