ஆயுத பூஜை யாவாரத்துக்கு என்ன நடலாம்? எங்க தோட்டத்து அனுபவம்

இங்க ஒரு அண்ணன் புரட்டாசி, ஐப்பசி சந்தைக்கு என்ன போடலாம்னு கேட்டிருந்தீங்க. எங்களுக்கு திண்டுக்கல் பக்கம், ஒண்ணரை ஏக்கர், கிணத்துத் தண்ணி. காயும் கீரையும் உழவர் சந்தைக்கு, பூ நிலக்கோட்டை பூச்சந்தைக்கு. என்ன போடுறோம்ங்கறத விட என்னைக்கு போடுறோம்ங்கறதுதான்ணா பெருசு, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது அது.

2023ல ஆயுத பூஜை அக்டோபர் 23. ஆகஸ்ட் 24 வாக்குல செண்டுமல்லி நாத்து நட்டேன், பூஜைக்கு முந்தின மூணு பறிப்பும் அருமையா வந்துச்சு. அந்த சந்தோஷத்துல அடுத்த வருஷமும் அதே தேதியில நட்டுட்டேன், காலண்டரப் புரட்டிக்கூட பாக்கல, 2024ல பூஜை அக்டோபர் 11. கிளை நிறைய வரட்டும்னு நுனி வேற கிள்ளி விட்டிருந்தேன், அதுல இன்னும் தள்ளிப் போச்சு. பூஜைக்கு முந்தின நாள் விடியக்காலம் டார்ச் அடிச்சுப் பாத்தா வயல் பூரா பச்சை மொட்டு, நுனியில மட்டும் ஊசி மாதிரி மஞ்சள். நின்னு அழுகையே வந்துருச்சு. அது விரிஞ்சப்ப கேக்க ஆளில்ல, மழையும் பிடிச்சுக்கிச்சு, நனைஞ்ச பூவ சாக்குல கட்டினா உள்ள சூடேறி கறுத்துப் போகுது.

அதனால பூஜை தேதியில இருந்து பின்னால எண்ணுங்க, நடவுக்கு 60 நாள், அதுக்கும் முன்னால நாத்தங்காலுக்கு 25லேருந்து 30 நாள்.

அந்த வருஷம் எங்கள காப்பாத்துனது வெண்பூசணிதான். வரப்போரம் சும்மா போட்டது, கோ 2 ரகம், காய் ரெண்டரை மூணு கிலோதான் வரும். சந்தையில ஒரு லாரிக்காரர் வந்து பக்கத்து அக்கா வச்சிருந்த ஏழெட்டு கிலோ காயெல்லாம் தாண்டி எங்கிட்ட வந்தாரு, ஒவ்வொண்ணையும் கட்டை விரலால தேச்சு தோல் மேல இருக்குற வெள்ளைச் சாம்பல் ஒட்டுதான்னு பாத்து, காம்பு இருக்கான்னு திருப்பிப் பாத்து, ஆறு காய் எடுத்துக்கிட்டாரு. "வண்டிக்கு ஒண்ணு சுத்தி உடைக்கணும்மா, பெரிய காய வச்சுக்கிட்டு ஒத்தக் கையில சுத்த முடியுமா"ன்னாரு. கடைக்காரங்க, ஆட்டோக்காரங்க எல்லாருக்கும் அதே கணக்குதான், சமையலுக்கு வாங்குறவங்க கீத்துப் போட்டாத்தான் வாங்குவாங்க, பூஜைக்கு முழுக்காய், சின்னக்காய். இன்னொண்ணு, சாம்பல் பூத்த காய் முந்தி வந்தாலும் பயமில்ல, அறுத்து நிழல்ல வச்சா மாசக்கணக்குல கெடாது. பூ ஒரு நாள் காத்திருக்காது, பூசணி காத்திருக்கும், ரெண்டையும் சேத்தே போடுங்க. காம்ப ஒட்ட ஒடிச்சிராதீங்க, ரெண்டு இஞ்ச் விட்டு அறுங்க.

கீரைக்கு பெரிய யோசனை வேண்டாம், புரட்டாசியில நிறைய வீட்ல கவிச்சி கிடையாது, வாரம் ஒரு பாத்தி சிறுகீரை விதைச்சா 25 நாள்ல பிடுங்கிரலாம், உழவர் சந்தையில கடைக்கு வாடகையும் இல்லங்கறதால கட்டு கட்டா கையில காசு நிக்கும்.

2026ல பூஜை அக்டோபர் 19 வருது. பூசணி விதை ஜூன் பத்துக்குள்ள ஊனிருங்க, செண்டுமல்லிய ஆகஸ்ட் இருபது வாக்குல நடுங்க. கோழிக்கொண்டைப் பூ போட்டவங்க யாராச்சும் இருந்தா மழையில எப்படித் தாங்குச்சுன்னு எழுதுங்க, இந்தத் தடவ ரெண்டு பாத்தி போடலாம்னு இருக்கேன்.