சோவெய் முகமூடிக்குள் இருப்பது யார்?

உளிச்சத்தம்: நெட்டூரான் நேற்று எழுதியதைப் படித்துத் தலை சுற்றிவிட்டது. ஆப்பிரிக்காவில் வயதுக்கு வரும் சடங்குகளில் முகமூடி போடுவது ஆண்கள் மட்டும்தானாம், பெண் முகமூடிக்குள்ளும் ஆண்தான் இருப்பானாம். சியரா லியோனின் மெண்டே மக்களிடம் சிறுமிகளுக்கு அந்தச் சடங்கை நடத்தும் சாண்டே என்ற பெண்கள் சங்கம் இருப்பது தெரியுமா? மரத்தில் குடைந்த கறுப்பு சோவெய் முகமூடியைத் தலையில் கவிழ்த்து, உடம்பெல்லாம் கறுப்பு நார் தொங்க ஆடுவது பெண். சங்கத்தில் மூத்த பெண்.

நெட்டூரான்: நான் சொன்னது ஜாம்பியாவின் முகாண்டா. 8 முதல் 12 வயதுப் பையன்களை ஊருக்கு வெளியே வைத்து விருத்தசேதனம் செய்யும் சடங்கு. அதில் வரும் ப்வோ என்ற முகமூடி பெண் முகம், உள்ளே ஆண். அதன் முகமூடி ஆட்டத்துக்கு 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரமே கிடைத்தது. சரி, உங்கள் சோவெயைச் செதுக்குவது யார்? ஆண்! அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

உளிச்சத்தம்: நீங்கள் எழுதியது "ஆப்பிரிக்கா". இப்போது ஜாம்பியாவாகச் சுருங்கிவிட்டது. செதுக்குவது ஆண்தான், யார் மறுத்தார்கள்? போடுவது யார் என்பதுதானே பேச்சு? அந்த முகமூடியைப் பார்த்திருக்கிறீர்களா? கழுத்தில் மடிப்பு மடிப்பாக வளையம், சின்ன வாய், தாழ்ந்த கண், மேலே கோபுரம் மாதிரிக் கொண்டை. பெண் எப்படி இருக்க வேண்டும் என்று சிறுமிகளுக்குக் காட்டும் முகம் அது. அதைப் பெண்ணே போட்டு ஆடுகிறாள்.

நெட்டூரான்: செதுக்குவது ஆண்.

கயல்: அதே சாண்டே சடங்கில் சிறுமிகளின் உறுப்பை அறுக்கிறார்கள். கொண்டையை வர்ணிக்க நேரம் இருக்கிறது, அதற்கு ஒரு வரி இல்லையா?

உளிச்சத்தம்: அதை நானும் எதிர்க்கிறேன். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே முகமூடி.

கயல்: வசதியான பதில்.

பழையசோறு: நெட்டூரான் நடுகல் இழையிலும் இப்படித்தான் செய்தார். மாட்டிக்கொண்டதும் கேள்வியையே மாற்றிவிடுவார்.

நெட்டூரான்: நடுகல் இழையில் நான் சொன்னதுதான் சரி. உங்கள் பதிவைத்தான் நிர்வாகி தூக்கினார்.

பழையசோறு: தூக்கியது கெட்ட வார்த்தைக்காக, கருத்துக்காக அல்ல.

உளிச்சத்தம்: நடுகல்லை விடுங்கள் ஐயா! மரமுகமூடியைப் பெண்களே போட்டு ஆடும் வழக்கம் ஆப்பிரிக்காவிலேயே அபூர்வம். அதனால்தான் அருங்காட்சியகங்கள் சோவெயைத் தேடித் தேடிச் சேர்த்தன. 2013இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இதற்கென்றே தனிக் கண்காட்சி வைத்தது.

நெட்டூரான்: அபூர்வம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் நான் சொன்னது பொதுவாகச் சரிதானே?

உளிச்சத்தம்: "பொதுவாக" என்ற சொல் நேற்றைய பதிவில் எங்கே இருந்தது? காட்டுங்கள்.

நெட்டூரான்: முதலில் உளி யார் கையில் என்று சொல்லுங்கள்.